சக்கரமில்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழம்

கோழித் தீவனத்துக்கான சத்துப்பொடி மூட்டைகளை அடுக்கி வைக்கும் குடோனில் எனக்கு வேலை. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. வேலை என்னவென்று கேட்டால் ரேக் பார்ப்பது என்பேன். கேட்டவர்கள் வீட்டுச் சமையலறை அலமாரியை நினைத்துக்கொண்டு, “இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க?” என்பார்கள். எங்கள் ரேக்கின் உச்சியை நிமிர்ந்து பார்த்தால் தலையில் இருக்கும் தொப்பி கீழே விழும். இரும்புத் தூண்கள், தூணுக்குத் தூண் கொக்கியில் மாட்டிய குறுக்குச் சட்டங்கள், சட்டங்களின்மேல் பலகையோடு மூட்டைகள், அதற்கு மேலே இன்னொரு தட்டு, அதற்கும் மேலே இன்னொன்று. தூணில் நெளிவு இருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா, சட்டத்தைக் கொக்கியோடு பிடித்து வைக்கும் சின்னப் பின் அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். இந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் என் பயம்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் கேஸை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து, பார்த்தபோது கைபட்டுத் திறந்திருக்குமோ என்று மறுபடியும் போவேன். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் ராத்திரி தூங்கினாரா என்று அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன். குடோனில் வேலைக்குச் சேர்ந்தபோது, “சந்தேகம் வந்தா திரும்பப் பார்ப்பியா?” என்று கேட்டார்கள். என்னை விட்டால் யார்? உடனே எடுத்துக்கொண்டார்கள். உயரம் பயமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

எனக்கு உயரம் என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை. திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குப் படியேறும்போதுகூடப் பள்ளத்துப் பக்கம் போகாமல் பாறையை ஒட்டியே போகிறவன். அப்படிப்பட்டவனை ஒரு இரும்புக் கூண்டில் நிற்க வைத்து, இடுப்பில் பெல்ட் மாட்டி, மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்டால் மேலே தூக்கி, டார்ச் அடித்துப் பார் என்றால்? பார்த்தேன். வருஷக்கணக்காகப் பார்த்தேன். இறங்கி வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பேன். வெயில் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் என் மனைவியின் தம்பி. நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன். அவனுக்கு எதைக் கண்டும் பயம் கிடையாது. எங்கள் இரண்டு பேரையும் கலந்து இரண்டாகப் பிரித்திருந்தால் இரண்டு நல்ல மனிதர்கள் கிடைத்திருப்பார்கள் என்று என் மனைவி சொல்வாள்.

இனிமேல் ரேக்கை ட்ரோன் வைத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, எல்லோரும் துக்கம் விசாரிக்கிற மாதிரி என்னிடம் வந்தார்கள்.

“மாமா, உங்க சோத்துல மண்ணைப் போட வருதுங்க ஒண்ணு,” என்றான் மைத்துனன். “கல்யாண ஊட்டுல மேல பறந்து போட்டோ எடுக்குமே, அதேதானுங்க.”

நான் முகத்தை முடிந்த அளவு வாட்டமாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கற்பூரம் கொளுத்தினேன். மேனேஜர் எனக்கு மட்டும் விவரம் சொல்லியிருந்தார். ஒருநாள் வெள்ளோட்டம். அது எடுக்கும் படத்தைக் கீழே உட்கார்ந்து பார்த்து நான் சரியென்று சொல்ல வேண்டும். படம் தெளிவாக இருந்தால் இனிமேல் முறைக்கு முறை அதையே கூப்பிட்டுக்கொள்வார்கள். எனக்குத் தரையில் நாற்காலி. சரியாக வரவில்லை என்றால் பழையபடி கூண்டு. மேனேஜர் வாழப்பாடிப் பக்கத்துக்காரர். எங்கள் ‘ங்க’ அவர் வாயில் அவ்வளவாக ஒட்டாது. பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான்.

முதல் நாள் ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மழை வந்தால்? குடோனுக்குள் மழை எப்படி வரும் என்று மனைவி கேட்டாள். கரண்டு போனால்? அது பேட்டரியில் ஓடும் என்றாள். பேட்டரி போனால்? அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் ட்ரோன்காரப் பெண் வந்தாள். திருச்செங்கோட்டில் எஞ்சினியரிங் படித்தவள். சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த கைகால்களை ஒவ்வொன்றாக விரித்துத் தரையில் வைத்தாள். எங்கள் வீட்டு மிக்சியைவிடப் பெரிதில்லை. அதற்குள் என் மைத்துனன் தாம்பாளத்தோடு வந்துவிட்டான். சந்தனம், குங்குமம், கற்பூரம், எலுமிச்சம்பழம்.

“இது எதுக்குங்கண்ணா?” என்றாள்.

“புது வண்டிங்களே அம்முணி. பூசை போடாம எடுக்கலாமுங்களா?”

“எங்க ஆபீசுல ஏற்கனவே போட்டாச்சுங்க.”

“எங்க குடோனுக்குப் புதுசுதானுங்களே.”

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியும் லாரியும் ஓடுகிற எங்கள் பக்கத்தில், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் ஒரு வண்டி வாசலைத் தாண்டாது. கைவண்டிக்கே வைப்போம். ஆனால் இதற்குச் சக்கரத்தைக் காணோம். மைத்துனன் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாலு காலடியிலும் நாலு பழத்தை வைத்தான். கற்பூரத்தை எடுத்ததும் அவள் பதறிப்போய், “தீ மட்டும் வேண்டாமுங்க, பேட்டரி இருக்குது,” என்றாள். பேட்டரிக்கும் தீக்கும் ஆகாது என்ற புதுக் கவலை அன்றைக்குத்தான் எனக்குச் சேர்ந்தது. அப்போது அவளுக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனாள்.

“மாமா, இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கமுங்க?”

“கண்ணாடி இருக்கற பக்கமாத்தான் இருக்கும். சீக்கிரம் வெச்சு உடு, அந்தப் புள்ள வந்துரும்.”

அவன் சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தாராளமாக வைத்தான். அதன்மேல் குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. போன் பேசி முடித்து அவள் வந்து நின்றது அதன் முதுகுப் பக்கம்.

பறக்க விடுவதற்கு முன்னால் அவள் போட்ட கட்டளைகளைக் கேட்டு எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. ரேக் சந்துக்குள் ஒருத்தரும் நிற்கக் கூடாது. ஃபோர்க்லிஃப்டை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். மஞ்சள் நாடா கட்ட வேண்டும். மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். என்னைவிடக் கவலைப்படுகிற ஒரு ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பெயர் படிப்பு என்கிறார்கள்.

தேனீக்கூட்டம் மாதிரி இரைந்துகொண்டு அது மேலே கிளம்பியது. எலுமிச்சம்பழம் நாலும் நசுங்காமல் ஆளுக்கொரு பக்கமாக உருண்டு ஓடின. மைத்துனன் துரத்திப் போய்ச் செருப்புக் காலால் ஒவ்வொன்றாக மிதித்தான். “நசுங்காம உடக் கூடாதுங்க.”

நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் முன்னால் இருந்த திரையைப் பார்த்தேன். மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். முதல் தூண் வந்தது. கீழ் மூலையில் செம்மண் நிறத்தில் ஒரு கறை.

“துருங்க,” என்றேன்.

இரண்டாவது தூண். அதிலும் துரு. மூன்றாவது, அதற்கடுத்தது, எதிர் வரிசை. எல்லாவற்றிலும் அதே துரு. இத்தனை வருஷம் இந்தத் துருவுக்கு அடியிலா நடந்தோம்? குடோன் முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிவது எனக்குக் கண்ணெதிரே ஓடியது.

“எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க சார்,” என்றேன்.

மேனேஜர் அசையவில்லை. “போன தடவை நீதானேய்யா பார்த்த? எல்லாம் சுத்தம்னு சொன்ன. அதுக்குள்ள மொத்தத் தூணும் துரு புடிச்சிருமா? இந்த மெஷினை நான் நம்பலை. நீ கூண்டுல ஏறிக் கண்ணால பார்த்துட்டு வந்து சொல்லு. அதான் சரிப்படும்.”

முடிந்தது. என் நாற்காலி போயிற்று. அந்தப் பெண், “நேத்து நல்லாத்தானுங்க இருந்துச்சு, சித்த இருங்க சார்,” என்று சொல்லி ட்ரோனைக் கீழே கொண்டுவந்தாள். நான் எழுந்து போய்ப் பெல்ட்டை எடுத்து மாட்ட ஆரம்பித்தேன். கொக்கி விரலுக்கு அகப்படவில்லை. நாடாவுக்கு அந்தப் பக்கம் ட்ரோன் ஆள் உயரத்தில் என்னைப் பார்த்தபடி நின்றது.

திரைப் பக்கமிருந்து மைத்துனன் கத்தினான். “மாமா! உங்களுக்கும் துரு புடிச்சிருச்சுங்க!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் எடுத்து வைத்திருந்த படத்தில் பெல்ட்டோடு பரிதாபமாக நான் நின்றுகொண்டிருந்தேன். என் முழங்காலில், படத்தின் அதே கீழ் மூலையில், அதே துரு.

அவள் ட்ரோனை இறக்கி, கண்ணாடியை ஒரு விரலால் தொட்டு, விரலைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். வைத்த சந்தனம் குங்குமத்தோடு கலந்து வழிந்து கண்ணாடி ஓரத்தில் இறங்கியிருந்தது.

“இது ஆருங்க வெச்சது?”

மைத்துனன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். விரல் மூன்றும் மஞ்சளாக இருந்தால் பின்னால் கட்டி என்ன பிரயோசனம்?

“பொட்டு வைக்கறது தப்பில்லீங்கண்ணா,” என்றாள் அவள், மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்துக்கொண்டே. “நெத்தியில வைக்கோணும். கண்ணுக்குள்ள வெச்சா எப்புடிங்க தெரியும்?”

மேனேஜர்கூடச் சிரித்துவிட்டார்.

மறுபடி பறந்தது. இந்தத் தடவை படம் பளிச்சென்று இருந்தது. கூண்டில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தபோது தெரியாத ஆணித்தலைகூடத் தெரிந்தது. “இன்னொருக்காக் காட்டுங்க சாமி” என்று நான் கேட்கும்போதெல்லாம் முகம் சுளிக்காமல் திருப்பிக் காட்டினாள். தூண்கள் சுத்தம். பின்கள் இருந்தன. வாசலோரம் கடைசித் தூண்வரை எல்லாம் ஒழுங்கு. அந்தத் தூணின் சுவர்ப் பக்கம் கூண்டு போகாது. மூட்டை மறைப்பதால் சந்திலிருந்து பார்த்தாலும் தெரியாது. மூட்டைகளுக்கு மேலாகப் போய், சுவருக்கும் தூணுக்கும் நடுவில் ட்ரோன் எட்டிப் பார்த்தது.

மேல் தட்டில், பின் இருக்க வேண்டிய ஓட்டையில், ஒரு துண்டுக் கயிறு.

“கண்ணாடியை நல்லாத் தொடைச்சீங்களா அம்முணி?” என்றான் மைத்துனன். அவள் ட்ரோனை இடமும் வலமுமாக நகர்த்தினாள். கயிறு கண்ணாடியோடு சேர்ந்து நகரவில்லை; தூணிலேயே இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மூட்டை ஏற்றும்போது ஃபோர்க்லிஃப்டின் முன்னால் நீண்டிருக்கும் இரும்பு முள் கீழேயிருந்து கொஞ்சம் இடித்தால் போதும். சட்டம் கொக்கியை விட்டு எழும்பி வந்துவிடும். வரவிடாமல் பிடித்திருப்பது விரல் நீளமுள்ள அந்தப் பின்தான். அந்த மூலையில் ஒரு மின்விசிறி உண்டு. அதனால் என் மைத்துனன் தினமும் அங்கேதான் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பான்.

அவன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து கயிற்றைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “போன ஆயுத பூசைக்குத் திருஷ்டிப் பூசணி கட்டுனனுங்களே மாமா.”

“வாசல்லதானடா தொங்குச்சு?”

“தொங்குனது வாசல்லதானுங்க. கயித்த இங்கதான் முடிஞ்சேன். பூசணி அழுகுனப்ப வாசப் பக்கத்த மட்டும் அறுத்து உட்டேன்.”

“கூண்டு அங்க போகாதே?”

“தூண்லயே ஏறிட்டனுங்க, தென்னமரத்துல ஏறற மாதிரி. கூண்டைக் கேட்டா நீங்க ஆயிரம் கேள்வி கேப்பீங்கன்னு.”

“பின்னு?”

“கயிறு போக ஓட்டை வேணுமுங்களே. எடுத்துச் சட்டைச் சோப்புல போட்டேன். அப்புறம் மறந்துட்டேன்.” திரையிலிருந்த கயிற்றைக் காட்டி, “குடோனுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதானுங்க கட்டுனேன்,” என்றான்.

என் வீட்டுத் தக்காளிச் சோற்றை அந்தச் சட்டத்துக்கு அடியில் உட்கார்ந்து இவன் எத்தனை மத்தியானம் தின்றிருப்பான் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. வேண்டாம் என்று நிறுத்தினேன்.

மேனேஜர் அந்தத் தட்டு மூட்டைகளை முள் சட்டத்தைத் தொடாமல் இறக்கச் சொன்னார். மைத்துனன் அன்றைக்கு ஓட்டிய மாதிரி என்றைக்கும் ஓட்டியதில்லை. பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் இருந்து எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக இறக்கினான். ஸ்டோரிலிருந்து புதுப் பின் ஒன்று வந்தது.

பின்னை எடுத்துக்கொண்டு எல்லோரும் ட்ரோனைப் பார்த்தோம்.

“இதுக்குக் கை கெடையாதுங்க,” என்றாள் அந்தப் பெண்.

மேனேஜர் என்னைப் பார்த்தார்.

பெல்ட் இன்னும் என் இடுப்பிலேயே இருந்தது. ஏறினேன். கூண்டு மேலே போகப் போகக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். கீழேயிருந்து, “புடிச்சுக்கிட்டீங்களா மாமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். “புடிச்சிருக்கேன். நீ பேசாம ஓட்டுறா,” என்றேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குடோன் முழுக்கத் தேடிப் பார்ப்பது வேறு. போக வேண்டிய இடம் தெரிந்து போவது வேறு. காலியான தட்டுக்குள் குனிந்து கையை நீட்டினேன். கயிற்று முடிச்சில் ஆயுத பூசைக் குங்குமம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியால் அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பின் உள்ளே போய் ‘டிக்’ என்றது. சரியாகத்தான் போட்டோமா என்று இழுத்துப் பார்த்தேன். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தேன்.

இறங்கி வந்ததும் தண்ணீர்ச் சொம்பை நீட்டியது மைத்துனன்தான். வெயிலால் இல்லை என்று அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

“படம் சரிதானாய்யா?” என்றார் மேனேஜர்.

“சரிங்க,” என்றேன். அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இப்போது முறைக்கு முறை அந்தப் பெண் வருகிறாள். எதையாவது மாட்ட வேண்டியிருந்தால் மட்டும் கூண்டு. பூசணி வாசல் கேட்டில் தொங்குகிறது. மைத்துனன் சாப்பிடுவது வேப்பமரத்தடியில். பொட்டு வைப்பதை அவன் விடவில்லை. ட்ரோன் வருகிற பெட்டியின் மூடிக்கு வைக்கிறான். எலுமிச்சம்பழத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். தன் ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்தடியில் வைத்து, ட்ரோன் சார்பில் இவன் ஏற்றி நசுக்குகிறான். அதற்கப்புறம்தான் வண்டியை நிறுத்திச் சாவியைக் கொடுப்பான்.

நான் நாற்காலியில் உட்கார்கிறேன். கால் இரண்டும் தரையில் இருக்கின்றன. அவள் கண்ணாடியைத் துடைத்த பிறகு நானும் ஒருமுறை துடைக்கிறேன்.

“பேட்டரி எவ்வளவு இருக்குதுங்க சாமி?”

“முழுசா இருக்குதுங்கண்ணா.”

“இன்னொருக்காப் பாத்துருங்க.”