‘செட்’டுக்கும் கட்டைக்கும் நடுவில்

நான் நேரம் தவறாத ஆள். முதல் ஷிப்ட் என்றால் ஐந்தே காலுக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பேன். என் தலை தெரிந்ததும் உலை வைக்கிற வீடுகள் எங்கள் பிளாக்கில் இரண்டு உண்டு. வெகுகாலம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த ஒழுங்குதான் ஒரு பெண்ணின் ஓட்டத்தைக் கெடுத்தது என்று தெரிந்த பிறகு வாய் கொஞ்சம் அடங்கியது.

சுரங்கத்தில் எனக்குக் கன்வேயர் பெல்ட்டில் வேலை. மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் போகிற பெல்ட். அதை நினைத்த மாத்திரத்தில் ஓட்டிவிட முடியாது. முதலில் ஹூட்டர் அலறும். ரோலர் பக்கம் குனிந்திருப்பவன், பெல்ட்டை ஒட்டி நடப்பவன் எல்லாரும் விலக வேண்டும். ஹூட்டர் ஓய்ந்ததும் ஒரு சின்ன அமைதி. பிறகு பெல்ட் நகரும். அந்த அமைதியின் நீளம் மாறாது, மாறவும் கூடாது. அதை நம்பித்தான் அத்தனை பேரும் முழுக் கைகால்களோடு வீடு திரும்புகிறோம். நான் அதைக் கடிகாரம் வைத்து அளந்ததில்லை. ஒரு மூச்சை இழுத்து விட்டு, அடுத்ததை இழுக்கத் தொடங்கும்போது பெல்ட் நகரும் என்று என் உடம்புக்குத் தெரியும்.

சம்பளம் இல்லாத இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. இளவயதில் நூறு மீட்டர் ஓடியவன். முட்டி மக்கர் செய்ததும் ஸ்டார்ட்டர் ஆனேன். டவுன்ஷிப்பில் பள்ளி விளையாட்டு விழாவோ, யூனிட்களுக்கு இடையே போட்டியோ, ஓட்டத்தைத் தொடங்கிவைப்பது என் குரல்தான். துப்பாக்கியெல்லாம் பெரிய இடங்களில். எங்களுக்குக் கட்டை. கீல் போட்ட இரண்டு பலகைகள், சேர்த்து அறைந்தால் மைதானத்தின் மறுகோடி வரை கேட்கும். “ஆன் யுவர் மார்க்ஸ்” என்பேன். “செட்” என்றதும் பிள்ளைகள் இடுப்பைத் தூக்குவார்கள். கட்டையை அறைவேன். என் ஸ்டார்ட்டில் எட்டுப் பேரும் ஒரே கயிற்றில் கட்டிவைத்தது போல ஒன்றாக எழுவார்கள். பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள்.

அதே பிள்ளைகள் வெளியூர்ப் போட்டிக்குப் போனால் முந்திக் கிளம்பி, வெளியேற்றப்பட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். “பதற்றம். குவார்ட்டர்ஸுக்குள்ளேயே பொத்திப் பொத்தி வளர்த்தால் இப்படித்தான்” என்று நான் அவர்களையே கடிந்துகொள்வேன். வேறு காரணம் இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தீவு நாட்டிலிருந்து நான்கு பேர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். பல நாடுகள் கலந்துகொள்ளும் பெரிய விளையாட்டுப் போட்டி ஒன்றுக்குப் போகும் வழியில் பத்து நாள் பயிற்சி. அவர்களுடைய பயிற்சியாளரும் எங்கள் மைதானப் பொறுப்பாளரும் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தப் பழக்கத்தில் ஏற்பாடானது. பயிற்சியாளர், எடை தூக்குகிறவர், நீச்சல்காரர், ஓட்டக்காரப் பெண். ஒரு நாட்டின் மொத்த அணியும் எங்கள் பேருந்தின் கடைசி இருக்கையில் அடங்கிவிட்டது. அவர்கள் நாட்டின் மக்கள்தொகையைக் கேட்டேன். எங்கள் டவுன்ஷிப்பில் பாதிகூட வராது.

அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எங்கே பயிற்சி செய்வாய் என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். விமான ஓடுபாதையில் என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விமானம் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருமாம். மற்ற நாட்களில் அதில்தான் பந்தாடுவார்கள், சாயங்காலம் காற்று வாங்குவார்கள், இவள் ஓடுவாள்.

“மெடல் வாங்குவாயா?” என்று கேட்டேன். நம்மவர்களுக்கு வேறென்ன கேட்கத் தெரியும்.

சிரித்துவிட்டாள். முதல் சுற்றிலேயே கடைசியாக வருவேன் என்று கூச்சமில்லாமல் சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொன்று சொன்னாள். அவள் நாட்டில் மின்கடிகாரம் கிடையாது. கையால் அமுக்கிப் பார்த்த நேரத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்கமாட்டார்கள். ஆகவே பெண்கள் நூறு மீட்டர் என்ற வரிக்கு எதிரே அவள் நாட்டுக்கு எதுவுமே எழுதப்படவில்லை, வெற்றிடம்தான். “என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் வர வேண்டும். எவ்வளவு மெதுவான எண்ணாக இருந்தாலும் சரி. அதற்காகத்தான் போகிறேன்” என்றாள். அதைக் கேட்டதிலிருந்து அந்த எண் எனக்கும் வேண்டியதாகிவிட்டது.

பத்து நாளும் காலையில் நான்தான் ஸ்டார்ட்டர். எங்கள் கல்லூரிப் பெண்கள் ஐந்து பேரைக் கூட ஓட விட்டோம். முதல் இரண்டு நாள் கட்டை அறைந்த பிறகு அவள் ஒரு கணம் தங்கித்தான் எழுந்தாள். மூன்றாம் நாள் மற்றவர்களோடு சேர்ந்து எழுந்தாள். ஐந்தாம் நாள் அவர்களையும் முந்தினாள். கட்டையின் சத்தம் எங்கள் காதுக்கு வருவதும் அவள் கால் தரையை உதைப்பதும் ஒன்றாக இருந்தது. “ஸ்டார்ட்டில் இவளை அடிக்க ஆளே இல்லை” என்று நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். அவளுடைய பயிற்சியாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேன்டீனில் எங்கள் ஆட்கள் அந்தத் தீவை ‘நம்ம நாடு’ என்றே பேச ஆரம்பித்தார்கள்.

போட்டி அன்று எனக்கு இரண்டாம் ஷிப்ட். ஓய்வறையில் செல்போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்துவைத்து ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டோம்.

“இன்னாண்ணே, நம்ம நாடு எந்த லேன்?” என்றான் கம்மாபுரத்திலிருந்து வரும் தோழன் ஒருவன்.

“எட்டு” என்றேன், நானே ஓடப்போவது போல முன்னால் குனிந்தபடி.

திரையில் எல்லாரும் குனிந்தார்கள். “செட்” என்ற குரல் கேட்டது. இடுப்புகள் உயர்ந்தன. எனக்குள் மூச்சு ஒருமுறை போய் வந்தது. என் வலது கால், நான் சொல்லாமலே, தரையை அழுத்தியது. அதே கணம் எட்டாம் லேனில் அவள் எழுந்து பாய்ந்தாள். மற்ற ஏழு பேரும் அப்படியே நின்றார்கள். அதற்குப் பிறகுதான் துப்பாக்கி வெடித்தது, தொடர்ந்து, ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி இன்னொரு முறையும்.

நான்கு எட்டு வைத்து நின்றுவிட்டாள். ஒருவர் வந்து சிவப்பு அட்டையைக் காட்டினார். கூடையிலிருந்து தன் சட்டையை எடுத்துக்கொண்டு போனாள். திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் எண் வர வேண்டிய இடத்தில் தகுதி நீக்கம் என்று காட்டும் எழுத்துகள் வந்தன.

“பாவம்ணே, பொண்ணு பதறிப்போயிட்டுது” என்றான் தோழன். பதற்றம். என் வார்த்தைதான், திரும்பி வந்து என் முகத்தில் அறைந்தது. அவள் பதறவில்லை. என் கணக்குப்படி மிகச் சரியாகக் கிளம்பினாள்.

அன்று பெல்ட்டை ஓட்ட ஹூட்டர் அடித்தபோது முதல்முறையாகக் கவனித்து எண்ணினேன். ஹூட்டர் ஓய்ந்து பெல்ட் நகரும் அதே இடைவெளியைத்தான் இருபது வருடமாக ‘செட்’டுக்கும் கட்டைக்கும் நடுவில் வைத்து வந்திருக்கிறேன். ஸ்டார்ட்டர் என்பவன் ஒவ்வொரு முறையும் இடைவெளியை மாற்ற வேண்டும், ஓடுகிறவன் ஊகிக்கக் கூடாது. இதை விதிப் புத்தகத்தில் படித்து, தேர்வும் எழுதித் தேறியவன் நான். மாற்றுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உடம்பு தன் போக்கில் பெல்ட்டை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சுரங்கத்தில் ஆளைக் காப்பாற்றுகிற ஒழுங்கு மைதானத்தில் ஆளைக் கவிழ்த்துவிட்டது. வெளியூரில் வெளியேற்றப்பட்டு வந்த அத்தனை பிள்ளைகளின் முகமும் வரிசையாக வந்து நின்றது. ஒவ்வொன்றையும் நான் திட்டியிருக்கிறேன். அவமானத்தில் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அவளுக்கு எழுத ஒரு மாதம் ஆயிற்று. வெட்கம்தான் காரணம், வேறென்ன. மைதானப் பொறுப்பாளரிடம் அவளுடைய செல்போன் எண்ணை வாங்கி, தவறு என்னுடையது, உன்னுடையதல்ல என்று விளக்கமாக எழுதி அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது வேறு.

“மூன்றாம் நாளே உங்கள் கணக்கு எனக்குப் பிடிபட்டுவிட்டது” என்று எழுதியிருந்தாள். “நான் சத்தத்தைக் கேட்டு ஓடவில்லை, எண்ணி ஓடினேன். வாழ்க்கையில் முதல்முறையாக மற்றவர்களை முந்தினேன், அது இனித்தது. சொன்னால் மாற்றிவிடுவீர்கள் என்று சொல்லாமல் இருந்தேன். ஊரிலும் இதே கதைதான், என் பயிற்சியாளர் கை தட்டுவதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சுவார். எனக்கு ஊகிக்க முடியாத ஸ்டார்ட் வேண்டும். உங்கள் குரலில் பதிவுசெய்து அனுப்ப முடியுமா?”

அதைப் படித்ததும் மனசு லேசானது என்று சொன்னால் பொய். ஆனால் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது.

கூடத்தில் உட்கார்ந்து செல்போனில் பதிவுசெய்தேன். செட், அறை. செட், அறை. வேண்டுமென்றே இழுத்தேன், குறைத்தேன். என் மனைவி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் குள்ளஞ்சாவடிக்காரி. பத்துப் பதிவு முடிந்ததும் தலை நிமிராமல் சொன்னாள்: “ஏங்க, எல்லாம் ஒரே மாரிதான் கீது.”

“எப்படி ஒரே மாதிரி? இது நீளம், இது குட்டை.”

“ஒரு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம், ஒரு குட்டை. அதுவும் ஷிப்ட் மாரிதான் போவுது.”

என் மனைவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடமாக எங்கள் வீட்டுச் சண்டை ஒன்றே ஒன்றுதான். அவளுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. “இதோ வந்துட்டேன்” என்றால் அது ஒரு நிமிடமாகவும் இருக்கும், முக்கால் மணியாகவும் இருக்கும். அவளுக்காக வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நான் நின்ற நேரத்தைக் கூட்டினால் இரண்டு பதவி உயர்வுக்கான சர்வீஸ் தேறும். அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கட்டையை அவள் கையில் கொடுத்தேன்.

“நான் ‘செட்’ என்று சொல்வேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது அறை. என்னிடம் சொல்லாதே.”

“இத்தினி வருசமா அதுக்குத்தான ஏசிக்கினு இருந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, கீரைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

முதல் பதிவில் நான் வாயை மூடுமுன் அறைந்துவிட்டாள். இரண்டாவதில் வெகுநேரம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். சமையலறையிலிருந்து நிதானமாக வந்து, கட்டையை எடுத்து, ஓங்கி அறைந்தாள்.

“எங்கே போனாய்?”

“அடுப்புல பால வச்சிக்கினு நான் இன்னா பண்றது? பொங்கிச்சுன்னா நீங்களா தொடைப்பீங்க?”

அதை மட்டும் நீக்கிவிட்டு நாற்பது பதிவுகள் அனுப்பினேன். நாற்பதில் இரண்டுகூட ஒன்றுபோல் இல்லை. நடுவில் வருகிற விசில் என்ன என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள். குக்கர் என்று எழுதினேன். அந்த விசிலுக்குக்கூட அசையாமல் இருக்கப் பழகிவிட்டேன் என்று பதில் வந்தது. பதிவுகள் மனப்பாடமாகிவிட்டபோதெல்லாம் புதிதாகக் கேட்பாள். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து பதிவுசெய்வோம். மைதானத்திலும் இப்போது நான் ‘செட்’ மட்டும்தான் சொல்கிறேன். கட்டையை என் முதுகுக்குப் பின்னால் வேறொருவர் அறைகிறார். எங்கள் பிள்ளைகள் ஒன்றாக எழுவதில்லை, கண்டபடி எழுகிறார்கள். பார்க்க அழகாக இல்லை. வெளியூரில் ஓடி முடித்துவிட்டு வருகிறார்கள்.

நான்கு ஆண்டு கழித்து அதே பெரிய போட்டி வந்தது. அவளுக்கு இது கடைசி, அதற்குப் பிறகு திருமணம், வேறு தீவு என்று எழுதியிருந்தாள். வீட்டில் டிவி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், கையில் டீ. மனைவி வரவில்லை. “இதோ வந்துட்டேன்” என்றாள். ஆச்சரியமாக, சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

இந்த முறை இரண்டாம் லேன். குனிந்தார்கள். “செட்.”

மூச்சு ஒன்று போய் வந்தது. என் கால் தரையை உதைத்தது. நாற்காலி பின்னால் நகர, டீ வேட்டியில் கொட்டியது. திரையில் அவள் அசையவில்லை. இடுப்பு உயர்ந்தபடி, தலை கவிழ்ந்தபடி, இருந்த இடத்திலேயே இருந்தாள். என்ன நீளமான இடைவெளி அது. பிறகு துப்பாக்கி வெடித்தது, அவள் எழுந்தாள்.

கடைசியாகத்தான் வந்தாள், மற்றவர்களுக்கு வெகு பின்னால். கோட்டைத் தாண்டியவுடன் மற்ற பெண்கள் முதலில் வந்தவளைப் பார்த்தார்கள். இவள் மட்டும் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எட்டாவது வரியும் வந்தது. எனக்குக் கண் கலங்கி எதுவும் தெரியவில்லை. “என்ன போட்டிருக்கிறது, படி” என்றேன்.

மனைவி எழுந்து டிவி பக்கத்தில் போய், விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாக, புள்ளியையும் விடாமல் வாசித்தாள். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன், வாசித்தாள். பிறகு திரும்பி என் வேட்டியைப் பார்த்தாள்.

“அந்தப் பொண்ணு நின்னுச்சுங்க” என்றாள். “நீங்கதான் முன்னாடியே கெளம்பிட்டீங்க.”