தம்ளருக்கு வெளியே இருந்த தண்ணீர்

அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. காய்கறி வண்டி வந்தால் மற்ற வீட்டுக்காரர்கள் இறங்கிப் போவார்கள். நான் பால்கனியில் நின்றபடியே பேரம் பேசி முடித்துவிடுவேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சின்ன வயதில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அது பலித்தது. பதினோரு வருடம் பள்ளிக்கூடத்தில் அந்த வாயை வைத்துத்தான் பிழைத்தேன்.

பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டை ஒட்டிய ஒரு தனியார் பள்ளி அது. எட்டாம் வகுப்புக்கு நான் அறிவியல் டீச்சர். வெளியே மெட்ரோ வேலை தொடங்கியதும் மற்ற டீச்சர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு புழுங்கினார்கள். நான் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, துளை போடும் இயந்திரத்தோடு போட்டி போட்டுப் பாடம் நடத்தினேன். பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன்.

பாடம் நடத்துவதில் எனக்கென்று ஒரு முறை இருந்தது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் பாதியைச் சொல்லி நிறுத்துவேன், மீதியை வகுப்பு முடிக்கும். "ஐஸ் தண்ணி டம்ளருக்கு வெளில முத்து முத்தா தண்ணி நிக்குது பாருங்க, அதுக்குப் பேரு கண்..." என்பேன். "டென்சேஷன்" என்று முப்பத்தெட்டுப் பேர் கொண்ட வகுப்பே ஒரே குரலில் கத்தும். புரிந்ததா என்று கேட்டால் புரிந்தது மிஸ் என்று ராகம் போடுவார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள் என்று எனக்கு ஒரு கற்பனை உண்டு.

ஒருமுறை, மாணவர்களைப் பாடத்தில் பங்கெடுக்க வைப்பது எப்படி என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். நான் எழுந்து என் முறையைப் பெருமையோடு செய்தே காட்டினேன். பயிற்சி கொடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கொடுத்த சின்னக் கையேட்டை எனக்கு மட்டும் கையில் வைத்து அழுத்திக் கொடுத்தார். வீட்டில் பீரோ ஆடிக்கொண்டிருந்தது. கையேடு அதன் காலுக்கு அடியில் கச்சிதமாகப் பொருந்தியது.

பதினோராவது வருடம் தீபாவளி முடிந்ததும் தொண்டை கம்மியது. வெந்நீர், மிளகு, மாத்திரை எதற்கும் மசியவில்லை. அம்பத்தூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, திரையில் காட்டினார். குரல் நாண் இரண்டிலும் எள் அளவுக்குத் தடிப்புகள், எதிரும் புதிருமாக. கத்திக் கத்தி வந்தது என்றார். மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல். அப்படியும் கரையவில்லை என்றால் ஆபரேஷன். அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று அவர் உறுதி சொல்லவில்லை.

லீவு போட வழியில்லை. மகனுக்கு அம்மை போட்டபோதே இருந்த லீவையெல்லாம் எடுத்து முடித்திருந்தேன். விஷயத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் எச்.எம். மேடத்திடம் நீட்டினேன். கண்டிப்பானவர், ஆனால் அநியாயம் செய்ய மாட்டார். இரண்டு முறை படித்தார்.

"பேசாம எப்படிம்மா பாடம் எடுப்பீங்க?" என்றார். பிறகு அவரே, "மூணு வாரம் பாக்கறேன். நடுவுல ஒரு நாள் வந்து நிப்பேன். கிளாஸ் கைய விட்டுப் போயிருந்தா வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது" என்றார்.

எங்கள் மாதிரிப் பள்ளிகளில் வேறு ஆள் வந்துவிட்டால் பழைய ஆளுக்கு நாற்காலி இருக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் இரண்டாம் நாளே எதிர் ஃபிளாட்காரர் என் கணவரிடம், மேடம் ஊருக்குப் போயிருக்காங்களா என்று விசாரித்தார். பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது என்றாலும் எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். பூந்தமல்லி என்று எழுதிய சீட்டைக் காட்டினேன். கண்டக்டர் என்னை ஊமை என்றே முடிவு செய்து, உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். மறுக்க வாயில்லை. அந்த மூன்று வாரமும் தினம் உட்கார்ந்துதான் போனேன், குற்ற உணர்ச்சியோடு.

வகுப்பில் முதல் நாள் கரும்பலகையில் எழுதினேன்: எனக்குத் தொண்டை சரியில்லை, மூன்று வாரம் பேச மாட்டேன். ஒரு நிமிடம் கொண்டாட்டம். அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பாடத்தைப் பலகையில் எழுதினேன், அவர்கள் நோட்டில் எழுதினார்கள். கடைசியில் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, எது புரியவில்லை என்று எழுதும்படி பலகையில் கேட்டேன். முப்பத்தெட்டுத் தாளிலும் எல்லாம் புரிந்தது மிஸ் என்றே இருந்தது. சிலர் பூ வரைந்திருந்தார்கள். ஒருவர் பாலில் மஞ்சள் போட்டுக் குடிக்கச் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் கணவருக்குச் சைகை காட்டி பீரோவைத் தூக்கவைத்து, அந்தக் கையேட்டை உருவினேன்.

அதில் ஒரு விளையாட்டு இருந்தது. பலகையில் ஒரு கேள்வி, மூன்று விடை. ஒவ்வொரு விடைக்கும் ஒரு சுவர். எது சரி என்று தோன்றுகிறதோ அந்தச் சுவரில் போய் நிற்க வேண்டும். மறுநாளே விதிகளைப் பலகையில் எழுதிவைத்துச் செய்து பார்த்தேன். முதல் ரேங்க் வாங்கும் பையன் எழுந்து ஒரு சுவருக்குப் போனான். தாய்க்கோழி பின்னால் குஞ்சுகள் போகிற மாதிரி மொத்த வகுப்பும் அவன் பின்னால் போனது. அவன் போனது தப்பான சுவர்.

அதற்கும் கையேட்டில் வழி இருந்தது. முதலில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சோடு சேர்த்து ஒன்று, இரண்டு, மூன்று என விரல் காட்ட வேண்டும். பிறகுதான் கண்ணைத் திறந்து நடக்க வேண்டும். அப்படி அவர்கள் கண்ணை மூடியதும் நான் விரல்களைப் பார்த்தேன். தாறுமாறாக இருந்தன. போன மாதம் ஒரே குரலில் பதில் சொன்ன அதே பாடம். பதினோரு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது என் குரலின் எதிரொலியைத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. நல்லவேளை, அவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது வார வியாழக்கிழமை ஒரு கண்ணாடித் தம்ளர் கொண்டுபோனேன். அதில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, கடைசி பெஞ்சுக்கும் தெரியட்டும் என்று சிவப்பு இங்க் கலந்த தண்ணீரை விளிம்புவரை ஊற்றினேன். ஐஸ் தலை நீட்டி மிதந்தது. பலகையில் எழுதினேன்: ஐஸ் உருகினால் தண்ணீர் வழியுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?

விரல் காட்டினார்கள், கண்ணைத் திறந்தார்கள், நடந்தார்கள். பெரும்பாலானோர் கதவுப் பக்கச் சுவரில், வழியும் என்று. முதல் ரேங்க் பையனும் அங்கேதான். நாலைந்து பேர் பலகைப் பக்கம், குறையும் என்று. ஜன்னல் பக்கம், அப்படியே இருக்கும் என்று, ஒரே ஒரு பெண் நின்றாள். அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் அருகே சர்பத் கடை வைத்திருந்தார். கூட்டமாகக் கத்தும்போதும் வாய் அசைக்காத பெண். அவளுடைய ரிப்போர்ட் கார்டில் வகுப்பில் பங்கேற்பதில்லை என்று இரண்டு முறை எழுதியிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் எச்.எம். மேடம் உள்ளே வந்தார். பெஞ்சுகள் கோணல்மாணலாகக் கிடந்தன. பிள்ளைகள் சுவரோரமாக நின்றார்கள். பேச முடியாத டீச்சராக நான் நடுவில் சாக்பீஸோடு நின்றேன். கிளாஸ் கையை விட்டுப் போவது என்றால் இதுதான் என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். முதல் ரேங்க் பையன் முன்னால் வந்து, கேள்வி என்ன, எந்தச் சுவர் எதற்கு என்று அவருக்கு விளக்கினான். பின்னாலிருந்து ஒரு குரல், நீங்களும் ஒரு பக்கம் நில்லுங்க மேடம் என்றது. அவர் என்னைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார். பிறகு நடந்துபோய்க் கதவுப் பக்கச் சுவரில் நின்றார்.

ஃபேனைக் கூட்டி வைத்துக் காத்திருந்தோம். ஐஸ் சிறுத்துக்கொண்டே வந்தது. யாரும் உட்காரவில்லை. கடைசித் துணுக்கும் கரையப்போகும் நேரத்தில், தம்ளரைச் சுற்றி மேஜையில் ஒரு வளையமாகத் தண்ணீர் தேங்கியிருப்பதை ஒருவன் பார்த்துவிட்டான். வழிந்துவிட்டது என்று கதவுப் பக்கம் ஆரவாரம். எச்.எம். மேடம் திருப்தியோடு தலையாட்டினார்.

எனக்கு அழுகை வந்தது. அது எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். ஆனால் எச்.எம். கண் முன்னால் என் சோதனையே தப்பான விடையைச் சொல்லிவிட்டது. பலகையில் ஒரு சொல்லை எழுதினால் போதும் என்று சாக்பீஸைத் தூக்கினேன்.

"அது உள்ள இருந்து வந்த தண்ணி இல்ல மிஸ்."

ஜன்னல் பக்கத்துப் பெண். அவள் குரல் அவ்வளவு கனமானது என்று அன்றுதான் தெரிந்தது. பின்னே எங்கிருந்து வந்தது, மேலே இருந்தா என்று முதல் ரேங்க் பையன் கேட்டான். அவள் அவனிடமே சொன்னாள்.

"எங்க கடைல டெய்லி பாத்துகினு கீறேன். ரோஸ் மில்க் டம்ளருக்கு வெளில நிக்கிற தண்ணி ரோஸா இருக்காது, வெறும் தண்ணியாத்தான் இருக்கும். இதுவும் உள்ள இருந்து வழிஞ்சிருந்தா சிகப்பா இருக்கணும்ல?"

அவன் பாக்கெட்டிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மேஜையைத் துடைத்தான். விரித்துப் பார்த்தான். கைக்குட்டை ஈரமாக இருந்தது, வெள்ளையாகவே இருந்தது. தம்ளருக்குள் சிவப்புத் தண்ணீர் விளிம்பிலேயே நின்றது.

அப்படியென்றால் இது என்ன தண்ணீர் என்று எச்.எம். மேடம் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. போன மாதம் இதே ஐஸ் தம்ளரைச் சொல்லித்தான் அந்தச் சொல்லைக் கத்தவைத்திருந்தேன். குரல் இருந்திருந்தால் அப்போதும் "கண்" என்றிருப்பேன், அவர்களும் மீதியைக் கத்திவிட்டு, எதுவும் தெரியாமலே வீட்டுக்குப் போயிருப்பார்கள். சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். சும்மா நிற்பது அவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

காற்றிலிருந்து வந்திருக்குமோ என்றாள் ஒருத்தி. காற்றில் ஏது தண்ணீர் என்றான் இன்னொருவன். துணி காய்கிறதே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று வேறொருவன் அவனை மடக்கினான். இப்படியே போய், கடைசியில் கைக்குட்டைக்காரன் மெதுவாக, "மிஸ், இதுதான் அந்தக் கண்டென்சேஷனா?" என்றான். போட்டோவில் மட்டுமே பார்த்திருந்த சொந்தக்காரரைத் தெருவில் நேரே பார்த்தவன் மாதிரி கேட்டான். நான் தலையை ஆட்டினேன். ஐஸ் தண்ணீருக்குள் எவ்வளவு இடம் பிடித்திருந்ததோ, உருகியதும் அந்த இடத்தைத்தான் நிரப்பியது என்பதையும் அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடித்தார்கள். சத்தம் அதிகம்தான்.

எச்.எம். மேடம் வாசல்வரை போய்த் திரும்பினார். "வேற ஆள் யாரையும் போடலம்மா. அடுத்த தடவ ஐஸ் வேணும்னா ஆபீஸ் ஃப்ரிட்ஜ்லயே எடுத்துக்குங்க" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று சொல்லக்கூட அனுமதி இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் தன் பெஞ்சை இழுத்துப் பழைய இடத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட் கார்டில் நான் எழுதியதை எப்படி அழிப்பது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்தேன்.

மூன்று வாரம் முடிந்து டாக்டரிடம் போனபோது தடிப்புகள் கரைந்திருந்தன. ஆபரேஷன் வேண்டாம், இனிமேல் அளவாகப் பேசுங்கள் என்றார். நன்றி என்றேன். குரல் மெலிசாக, யாருடையதோ போல வந்தது. ஆனால் வந்தது. மறுநாள் பஸ்ஸில் பூந்தமல்லி என்று வாயால் சொன்னேன்.

"இன்னாக்கா, பேச்சு வந்துடுச்சா?" என்றார் கண்டக்டர். உண்மையைச் சொல்ல நினைப்பதற்குள், சாமி கண்ணைத் திறந்துவிட்டார் என்று அவரே சந்தோஷப்பட்டுவிட்டார். அவர் சந்தோஷத்தைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பில் புதுப் பாடம், உராய்வு. பலகையில் தலைப்புகூட எழுதாமல், பழக்க தோஷத்தில் ஆரம்பித்தேன்: "ஒரு பொருள் இன்னொண்ணு மேல நகரும்போது அதைத் தடுக்குற விசைக்குப் பேரு ஃப்ரிக்..."

நிறுத்தினேன். யாரும் முடிக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள். பழைய நாளாக இருந்தால் கோபம் வந்திருக்கும். அன்று ஒரு நொடி பயம்தான் வந்தது, எல்லாவற்றையும் மறந்துவிட்டார்களோ என்று.

"மிஸ்," என்றான் முதல் ரேங்க் பையன். "அத நாம இன்னும் செஞ்சே பாக்கலியே. அதுக்குள்ள பேரு எப்படி சொல்றது?"

சிரித்துவிட்டேன், அந்தப் புதுக் குரலில். பெஞ்சையெல்லாம் தள்ளுங்கள், எது சுலபமாக நகர்கிறது, எது அடம் பிடிக்கிறது என்று பார்ப்போம் என்றேன். என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை. முன்னால் இருந்தவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பெஞ்சுகள் நகர்ந்த சத்தத்தில் ஜன்னலுக்கு வெளியே ஓடிய மெட்ரோ இயந்திரம் எனக்குக் கேட்கவே இல்லை.