எனக்குத் தெரியாத மொட்டைமாடி

கல்கத்தாவில் என்னை வெளிநாட்டுக்காரி என்று யாரும் நம்புவதில்லை. நான் பிறந்தது ஈப்போவில், பாஸ்போர்ட் மலேசியாவுடையது. ஆனால் என் நிறமும் மூக்கும் பொட்டும் நாங்கள் குடியிருக்கும் லேக் கார்டன்ஸில் எந்தத் தமிழ் வீட்டுப் பெண்ணுக்கும் பொருந்தக் கூடியவை. வந்த புதிதில் காய்காரர் என்னிடம் வங்காளத்தில் பேசுவார். பதில் வராவிட்டால் ஹிந்திக்கு மாறுவார். அதற்கும் பதில் வராவிட்டால், பாவம், காது மந்தம் போலிருக்கிறது என்று முடிவுகட்டி அதே ஹிந்தியை உரக்கச் சொல்வார்.

என் கணவர் வங்கி அதிகாரி. வங்கி அவரை மூன்று வருடம் கோலாலம்பூருக்கு அனுப்பியது. திரும்பும்போது என்னையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர்கள் குடும்பம் நாலு தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கிறது. மாமனார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில்தான் பேசுவார், ஆனால் என்னைக் கூப்பிடுவது மட்டும் 'பௌமா' என்று. வங்காளிகள் மருமகளை அப்படித்தான் அழைப்பார்கள்.

நான் மலேசியாவில் குவான்டிட்டி சர்வேயராக ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். ஒரு கட்டடத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, அதற்கு எவ்வளவு செங்கல், எவ்வளவு கம்பி, எவ்வளவு ஜல்லி வேண்டும் என்று கட்டுவதற்கு முன்பே சொல்கிற வேலை. எங்கள் ஊரில் அதற்குப் பட்டப்படிப்பு உண்டு, சங்கம் உண்டு, பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும் மரியாதையும் உண்டு. இங்கே அது சைட்டில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் ஓவர்சியரின் வேலைகளில் ஒன்று. மாமனார் நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்.

"அளக்கறவங்க இந்த ஊர்ல நெறைய பேர் இருக்காங்களே பௌமா. நீ காலேஜ்ல படிச்சது என்ன?"

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டுகளைக் கொஞ்சம் பலமாகவே வைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், பாத்திரங்கள் பேசும்.

வேலை தேடும் படலம் தொடங்கியது. முதலில் போனது ஒரு பெரிய கட்டுமான நிறுவனம். வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர் தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் நான் சொன்ன நேரத்தைச் சரிபார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலேசியாவிலிருந்து வருகிறவரை எதிர்பார்த்துக் காத்திருக்கிறாளாம். அது நான்தான் என்றபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பரிதாபமாக இருந்தது. உள்ளே டைரக்டர் மீன் வறுவலும் டீயும் வரவழைத்து, அரை மணி நேரம் என் ஊரைப் பற்றி விசாரித்தார். பிறகு, வெளிநாட்டவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் வாடிக்கையாளர்களுக்கு ஒரு நம்பிக்கை வரும், நீங்கள் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி இருக்கிறீர்களே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது அவருக்கே வியர்த்துவிட்டது.

இரண்டாவது இடத்தில் எல்லாம் நேர்மாறு. திங்கட்கிழமையே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். அடையாளத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்தேன். வெளிநாட்டு ஆள் என்றால் தனி அனுமதி, தனிக் காகிதங்கள், நமக்கு அதெல்லாம் வேண்டாமே என்று பாஸ்போர்ட்டை விரல் நுனியால் என் பக்கம் நகர்த்தினார்கள். வெளிநாட்டுக்காரி வேண்டும் என்றவர்களுக்கு நான் உள்ளூர்க்காரி, உள்ளூர்க்காரி போதும் என்றவர்களுக்கு நான் வெளிநாட்டுக்காரி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்று சும்மாவா சொன்னார்கள்.

அனுமதி பற்றிக் கேட்க, வெளிநாட்டவர் பதிவு செய்யும் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் இருந்த காவலர், இந்தியர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று என்னை ஓரமாக ஒதுக்கினார். பாஸ்போர்ட்டைக் காட்டியதும் அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்த குமாஸ்தா பொறுமையாக விளக்கினார். கல்யாண விசாவில் வந்தவள் வேலை பார்க்கலாம், ஆனால் வேலை கொடுப்பவர் ஒரு கடிதம் தர வேண்டும். உள்ளூரில் இத்தனை பேர் இருக்க இந்த வேலைக்கு இவர் எதற்கு என்பதற்கு அதில் காரணம் இருக்க வேண்டும். அனுமதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

ஐந்து மாதம் ஓடியது. நான் எது கேட்டாலும் என் கணவர் 'ஹோபே, ஹோபே' என்பார். ஆகிவிடும், ஆகிவிடும். அவர் மேல் தப்பில்லை, இந்த ஊர்க் காற்று அப்படி. நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். சம்பாத்தியம் இல்லையே என்று அழவில்லை. ஒன்பது வருடம் நான் யாராக இருந்தேனோ அந்த ஆள் காணாமல் போய்க்கொண்டிருந்தாள், அதைத் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி தொடக்கத்தில்தான் டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்குப் போனேன். பழைய வீடுகளைப் பழுது பார்க்கிறவர்கள். முதலாளி அறுபதை நெருங்கும் இன்ஜினியர். கழுத்தைச் சுற்றி மஃப்ளர், தலையில் குரங்குக் குல்லா. என் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். காளிகாட்டில் ஒரு சந்துக்குள் இருந்த மூன்று மாடி வீட்டின் வரைபடத்தைக் கொடுத்து, மொட்டைமாடியைச் செப்பனிடப் பொருள் பட்டியல் போட்டு வரச் சொன்னார். வீட்டுக்காரர்கள் மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று வைக்கப் போகிறார்களாம்.

இரண்டு நாள் உட்கார்ந்து அழகாகப் போட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். 'ஜொல்சாத்' எங்கே என்று கேட்டார். அப்படி ஒரு சொல்லையே நான் கேட்டதில்லை. இந்த ஊர்ப் பழைய வீடுகளில் மழை இறங்காமல் இருக்க, மாடித் தளத்துக்கு மேலே சுண்ணாம்பும் செங்கல் சல்லியும் கலந்து, நாள் கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி ஒரு தளம் போடுவார்கள், நாலு இஞ்ச் கனம், இதை எந்த வரைபடத்திலும் யாரும் வரைய மாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும் என்றார். எங்கள் ஊரில் வீட்டுக்கு மேலே ஓடுதான். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. பரவாயில்லை, வேற்று ஊர்க்காரருக்கு எப்படித் தெரியும் என்று சொல்லி டீ வரவழைத்தார். அதற்குள் எனக்கு அந்த டீயின் அர்த்தம் தெரிந்துவிட்டிருந்தது. இந்த ஊரில் யாரையும் வெறும் வாயோடு அனுப்ப மாட்டார்கள்.

டீயைக் குடித்துவிட்டு, நான் விட்டுவிட்ட அந்தப் பொருளைக் கண்ணால் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டேன். வீம்புதான், வேறென்ன. அவர் தோளைக் குலுக்கிவிட்டு, தன் மேஸ்திரியைத் துணைக்கு அனுப்பினார்.

ஜொல்சாத் எனக்குத் தெரியாது. அதனால் எனக்குத் தெரிந்ததை அளந்தேன். கடைசி மாடியிலிருந்து மொட்டைமாடிக்கு எத்தனை படி, ஒரு படி எத்தனை இஞ்ச் உயரம் என்று பார்த்தேன். பிறகு அறைக்குள் போய், தரையிலிருந்து கூரை வரை அளந்தேன். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மாடித் தளத்தின் மொத்தக் கனம் வந்துவிடும். அவர்கள் கணக்குப்படி, அடித்தளமும் அதன் மேல் நாலு இஞ்ச் ஜொல்சாத்தும் சேர்த்து ஒரு அடி வர வேண்டும். எனக்கு ஒன்றே கால் அடிக்கு மேல் வந்தது. பழைய வீடு, சுவரெல்லாம் கோணல், நாலு இஞ்ச் என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்றார் மேஸ்திரி. நான் மழைத் தண்ணீர் வெளியேறும் ஓட்டை அருகே குப்புறப் படுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். நாலு இஞ்ச் சுண்ணாம்புத் தளம் இருந்தது. அதற்குக் கீழே பாசி காய்ந்த ஒரு கறுப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே இன்னொரு சுண்ணாம்புத் தளம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

எப்போதோ மாடி ஒழுகியிருக்கிறது. பழையதை உடைத்து எடுக்கச் சோம்பல்பட்டு யாரோ அதன் மேலேயே புதிதாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டு கீழே இருந்தவை பழைய மர உத்தரங்கள். அதற்கு மேல்தான் தொட்டி வருவதாக இருந்தது. எனக்கு நேர் கீழே இருந்த அறையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

மேஸ்திரி குந்தி உட்கார்ந்து அந்தக் கறுப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முதலாளிக்கு போன் செய்தார். அவர் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து, மஃப்ளரோடு என்னைப் போலவே குப்புறப் படுத்துப் பார்த்தார்.

"உங்களுக்கு முன்னாடி மூணு பேர் எஸ்டிமேட் போட்டாங்க. மூணு பேரும் நாலு இஞ்ச்னு எழுதினாங்க. நானும் சரின்னு தலையாட்டினேன்" என்றார் ஆங்கிலத்தில்.

தொட்டி வைக்கும் வேலை நின்றது. எனக்கு வேலை கிடைத்தது, அதாவது அவர் வாய் வார்த்தையில். கடிதம் பாக்கி இருந்தது. அவர் மூன்று நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

"இந்த வேலை தெரிஞ்ச ஆள் இங்க இல்லைன்னு எழுதச் சொல்றாங்க. எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். பொய் எழுதிப் பழக்கம் இல்ல எனக்கு."

எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு நல்லவராக இருந்து தொலைக்க வேண்டுமா என்று நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு, அதுவும் இங்கே அண்ணனைக் கூப்பிடுகிற 'தாதா'வோடு.

"உண்மையவே எழுதுங்க தாதா. அவங்களுக்குத் தெரியும், அதனால ஏறிப் பாக்கல. எனக்குத் தெரியாது, அதனால பாத்தேன்."

அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார். காளிகாட் வீட்டைப் பற்றி முழுவதும் எழுதி, கடைசியில் இப்படி ஒரு வரி வைத்தார்: இவருக்கு எங்கள் வீடுகள் பழக்கமில்லை, அந்தப் பழக்கமின்மை எங்களுக்குத் தேவைப்படுகிறது.

வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். தன் வீட்டு மாடியிலும் ஜொல்சாத் இருக்கிறது, எத்தனை இஞ்ச் இருக்கும் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார்.

"பாக்காம சொல்ல முடியாது சார்" என்றேன்.

ஆறு வாரத்தில் அனுமதி வந்தது. மாமனார் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். பௌமாவுக்கு அளக்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

வருடம் ஒன்று ஓடிவிட்டது. எத்தனை மாடி ஏறினேன் என்று கணக்கே இல்லை. காய்காரரோடு வங்காளத்திலேயே சண்டை போடுகிறேன். மேஸ்திரி என்னை 'திதி' என்கிறார், அக்கா என்று அர்த்தம், அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட. போன மாதம் அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. முதலாளி பழைய கடிதத்தையே என்னிடம் கொடுத்து, தேதியை மட்டும் மாற்றி டைப் செய்து கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

டைப் செய்துகொண்டே வந்தேன். 'பழக்கமின்மை' என்ற அந்தக் கடைசி வரியில் கை நின்றுவிட்டது. பக்கத்தில் என் மேஜையிலேயே லேக் கார்டன்ஸ் வீடு ஒன்றின் எஸ்டிமேட் கிடந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஜொல்சாத், நாலு இஞ்ச் என்று என் கையெழுத்து. அந்த மாடிக்கு நான் போகவே இல்லை. வெயில் கொளுத்தியது, நாற்காலியில் இருந்தபடியே எழுதிவிட்டேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. எல்லாருக்கும் தெரிந்தது எனக்கும் தெரிந்துவிட்டது.

கடிதத்தை மூடி வைத்துவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கார அம்மாள் கதவைத் திறந்து, எஸ்டிமேட்தான் முந்தாநாளே வந்துவிட்டதே என்றார். ஒரு விஷயம் எனக்குத் தெரியவில்லை, பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி, கீழ்ப்படியிலிருந்து எண்ணத் தொடங்கினேன். உச்சி வெயிலில் தளம் கொதித்தது. குப்புறப் படுத்து, கை சுட்டுக்கொண்டு, தண்ணீர் ஓட்டைக்குள் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன்.

நாலு இஞ்ச்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் போய்க் கடிதத்தில் அந்தக் கடைசி வரியை டைப் செய்தேன்.