இன்சோல் வடிவ மேசை

என் ஆராய்ச்சி பில்லியர்ட்ஸ் பற்றியது என்றால் எங்கள் ஊர் மாதனூரில் சிரிப்பார்கள். "அத்த ஆடறதுக்கா டாக்டர் பட்டம் தர்றாங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டிருக்கிறார். நான் எந்த மேசையையும் தொட்டதுகூட இல்லை. கணக்கில் வரும் மேசையில் குழி கிடையாது, உராய்வு கிடையாது. புள்ளி அளவே உள்ள பந்து நேர்கோட்டில் ஓடி, சுவரில் பட்டு, பட்ட கோணத்திலேயே திரும்பி, முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பந்து மேசையின் எல்லா இடங்களுக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் போய்வருமா, இல்லை ஏதோ ஒரு பகுதியிலேயே சிக்கிக் கிடக்குமா என்பதுதான் கேள்வி. வட்ட மேசையில் சிக்கும். வட்டத்தை இரண்டாகப் பிளந்து நடுவில் நேர்ச்சுவர்கள் வைத்தால் சிக்காது. மயிரிழை வித்தியாசத்தில் கிளம்பிய இரண்டு பந்துகள் கொஞ்ச நேரத்தில் சம்பந்தமே இல்லாமல் பிரிந்துவிடும். அந்தத் தாறுமாறின் மேல் எனக்கு இருந்த பைத்தியம் வேறு எதன் மேலும் வந்ததில்லை.

என் மேசையின் வடிவம் வீட்டில் கிடந்தது. அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். கரண்ட் போனால் நாங்கள் விசிறிக்கொள்வதே, ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கிற, கழித்துப்போட்ட இன்சோல் அட்டையால்தான். குதிகால் பக்கம் ஒரு வளைவு, விரல் பக்கம் ஒரு வளைவு, நடுவே இரண்டு கோடுகள். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கும் நெளிவை நேராக்கிவிட்டு அதையே மேசையாக வைத்துக்கொண்டேன். எந்த அளவு இன்சோலிலும் பந்து சிக்காது என்று நிரூபிக்க வேண்டும். வேலூரில் ஒரு கல்லூரியில் பதிவு செய்து, அங்கேயே சத்துவாச்சாரியில் அறை எடுத்து, வருடக்கணக்கில் இதே வேலையாக இருந்தேன். பட்டம் வந்ததும் அம்மா வேலையை விடுவதாகப் பேச்சு. மெஷின் முன் குனிந்தே கழுத்து எலும்பு தேய்ந்து, வலது கை மரத்துப்போகிறது. நிறுத்தாவிட்டால் கை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் ஆய்வேட்டைக் கொடுத்த தைரியத்தில், மாதக் கடைசியில் நின்றுவிடுவதாக அவள் சூப்பர்வைசரிடம் சொல்லியும் விட்டாள்.

எம்.எஸ்சி. முடித்த விடுமுறையில் நான் அதே கம்பெனியில், தோலை வெட்டுவதற்கான அளவு வரையும் பேட்டர்ன் பிரிவில் வேலை பார்த்தேன். எந்த ஷூ வந்தாலும் முதலில் நடு அளவு ஒன்றைத்தான் வெட்டித் தைத்துப் பார்ப்பார்கள். அது சாம்பிள் சைஸ். அது சரியாக வந்தால் சின்னது, பெரியது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே போட்டுத் தரும். சாம்பிள் ஓகே என்றால் எல்லாம் ஓகே. ஷூ கம்பெனிகளே பிழைப்பான எங்கள் பக்கத்தில் இதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அளவு சிறுக்கும்போது நீளம் குறைகிற அளவுக்கு அகலம் குறையாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும், நடு அளவுக்கு நிரூபித்துவிட்டு, "மற்ற அளவுகளுக்கும் இவ்வாறே" என்று ஒரே வரியில் முடித்தேன். வேறு ஊர்க்காரி அந்த வரியை அவ்வளவு நிம்மதியாக எழுதியிருக்க மாட்டாள்.

ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் அதைத் திருப்பி அனுப்பினார், ஒரு படத்தோடு. சின்ன அளவுகளில் இரண்டு வளைவுகளும் நெருங்கிவிடுகின்றன. குதிகாலுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு பந்து நேராகப் போய்ப் போய் வருகிறது. அதன் பக்கத்தில் கிளம்பும் பந்துகளும் அதைவிட்டு விலகுவதே இல்லை. பந்து சுவரில் பட்ட இடத்தையும் கோணத்தையும் குறிக்கும் புள்ளிகள் படம் முழுக்க, நடுவில் முட்டை வடிவில் ஒரு வெற்றிடம். வெளியே ஓடும் பந்து அதற்குள் நுழையாது, உள்ளே இருப்பது வெளியே வராது. நான் ஒரு பொய்யை நிரூபித்திருக்கிறேன். இதில் வாழ்க்கைத் தத்துவம் சொல்ல வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது தத்துவம் இல்லை, கணக்கு. கோடி வருடம் போனாலும் அந்த ஓட்டை அங்கேதான் இருக்கும்.

கூடுதல் காலமெல்லாம் ஏற்கெனவே வாங்கித் தீர்த்தாயிற்று என்றார் என் நெறியாளர். தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்று சாயங்காலமே மாதனூருக்குப் போனேன்.

"இன்னா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்டி இருக்கு?" என்றாள் அம்மா.

"தப்புன்னு சொல்லிட்டாங்கமா. சின்ன சைஸ்ல வரல."

அவள் முகம் தெளிந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவ்ளோதானா? சின்ன சைஸ விட்டுட்டு மீதிய குடு. கம்பெனில அப்டிதான் அனுப்புவாங்க."

"மீதிய எப்பவோ வேற ஒருத்தர் நிரூபிச்சிட்டாருமா. எல்லா சைஸும்னு சொன்னது மட்டும்தான் என்னுது."

"மறுபடியும் எழுதிக் குடேன்."

"டைம் முடிஞ்சிடுச்சு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அம்மா தன் போனை என்னிடம் நீட்டினாள்.

"சூப்பர்வைசருக்கு நீயே மெசேஜ் போட்டுடுமா. நின்னுக்கிறேன்னு சொன்னேன் இல்ல, நிக்கல, எப்பவும் போல வர்றேன்னு."

தட்டி அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"இன்னா சொல்றாரு?"

"சந்தோஷம்னு போட்டிருக்காரு."