ஒரே அளவில் இறாலும் உடும்பும்

விஞ்ஞான வகுப்பில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. அதற்கு நின்றவர்கள் இருவர்: நானும், அச்சுவேலிக் கடைக்காரர் ஒருவரின் மகனும். என் வீட்டில் எனக்கு முன் பள்ளிக்கூடம் போனவர் எவருமில்லை. அந்த இடம் கிடைக்காவிட்டால் தொண்டைமானாற்றுக்குத் திரும்பி ஐயாவோடு வலை இழுக்க வேண்டியதுதான். அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அந்த வகுப்பு வேண்டும்.

மாஸ்டர் ஒரு சோதனை வைத்தார். கிறேபிஷ் என்ற சிறு நன்னீர் இறாலையும் பெரிய உடும்பையும் சுவரில் மாட்டியிருந்த சிறிய கரும்பலகையில் கீறி ஒப்பிட வேண்டும். புத்தகத்தில் இரண்டு படங்களும் ஒரே பக்கத்தில், ஒரே பருமனில் இருந்தன. கடைக்காரர் மகன் அப்படியே அழகாகக் கீறினான். சண்டைக்கு நிற்கும் இரண்டு சேவல்கள் போலிருந்தன.

அடுத்தது நான். கிறேபிஷைக் கண்டதில்லை, நாலு அங்குலம் என்றது புத்தகம். உடும்பைத் தெரியும். பனங்கூடலில் நாய்கள் கடித்துக் கொன்ற ஒன்றை அளந்து பார்த்திருக்கிறேன்: மூன்று முழம். இறாலைப் பலகையின் மூலையில் நாலு அங்குலத்தில் கீறினேன். பிறகு உடும்பை அதன் முழு நீளத்தில். பலகை முடிந்தது, வால் முடியவில்லை. வெள்ளைச் சுவரில் சோக்கு தெரியாதே! விடுதிக் குசினிக்கு ஓடிக் கரிக்கட்டி வாங்கிவந்து, வாலைச் சுவரில் தொடர்ந்தேன்.

"உவன் சுவருக்கும் வலை போடுறானடா" என்றான் பின் வாங்கில் இருந்த ஒருவன். வகுப்பு சிரித்தது.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "ஏன் தம்பி, சின்னனாக் கீறத் தெரியாதோ?"

"தெரியும் சேர். இறாலையும் சேர்த்துச் சின்னனாக்கினால் அதிலை ஒண்டும் விளங்காது. உடும்பை மட்டும் சின்னனாக்கினால் அது பொய்."

அவர் வாலை விட்டு எலும்பைக் கேட்டார். இறாலுக்கு உள்ளே எலும்பில்லை, ஓடுதான் அதைத் தாங்குகிறது. வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்றிவிட்டு, புது ஓடு இறுகும்வரை ஒளிந்திருக்கும் என்றேன். உடும்புக்கு முதுகெலும்பு உள்ளே. தோலைத் துண்டுதுண்டாக உரித்தபடியே திரியும்.

"நாளையிலிருந்து இஞ்சை வந்து இரு," என்றார் மாஸ்டர். "அதுக்கு முதல் உந்தச் சுவருக்கு வெள்ளை அடிச்சுப்போடு."

அன்று பின்னேரம் சுண்ணாம்பு கரைத்துப் பூசினேன். காய்ந்ததும் கரி மேலே தெரிந்தது. மறுபடி பூசினேன். வால் மறையும்வரை பூசினேன்.