சாய்மா வக்கீலும் ஒரு முட்டி வலியும்

மயிலாப்பூரில் தையல் கடை வைத்திருக்கும் கலீமுல்லாவுக்கு சாய்மா ஒரே மகள். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் அப்பாவின் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டாள். இந்த உயரத்துக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவது என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். அந்தக் கவலையில் பாதியை அவள் விளையாட ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுப்பதில் காட்டியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். கடைகளில் விற்கும் பேன்ட் எதுவும் மகளின் கணுக்காலை எட்டாததால், கலீமுல்லா தானே துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தார்.

கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் அவள்தான் நடு ஆட்டக்காரி. கடைசி வருடம் முட்டி வலிக்க ஆரம்பித்தது. சொன்னால் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள் என்று இறுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினாள். அரையிறுதியில் முட்டிக்குள் இருக்கும் லிகமென்ட் நார் கிழிந்தது. அத்தோடு ஆட்டம் முடிந்தது. அழுது தீர்த்துவிட்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தாள்.

இப்போது பகலில் உயர் நீதிமன்றம். மாலையானால் தி.நகரில் ஒரு மாடி அறையில் விளையாட்டுக்காரர்களுக்கு ஏஜென்ட். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைத் திட்டுவாள். படிக்கவிடாமல் கையெழுத்து வாங்குகிறவர்கள் அவளிடம் மாட்டினால் அதோகதிதான்.

போன வருடம் அந்த மாடிக்கு அன்புக்கரசி அம்மாவோடு வந்தாள். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடியமர்த்தப்பட்ட குடும்பம். அம்மா ரத்னா வேளச்சேரி அடுக்குமாடிகளில் வீட்டுவேலை செய்கிறாள். பெங்களூர் பாஸ்கெட்பால் கிளப் ஒன்று அன்புக்கரசியை அணியில் எடுக்க இருந்தது. மேனேஜர் மறுநாள் வருகிறார், ஒப்பந்தம் பேச சாய்மாவும் கூட வர வேண்டும். மகளாவது அடுத்த வீட்டுப் பாத்திரத்தில் கை வைக்காமல் பிழைக்க, ரத்னாவுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அன்புக்கரசி மாடி ஏறியதை சாய்மா பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்குப் படி வலது காலை முதலில் வைத்து இடது காலை இழுத்துக்கொண்டு வந்தாள் பெண்.

“இடது முட்டி எத்தனை நாளா வலிக்குது?”

பெண் அம்மாவைப் பார்த்தாள்.

“அத்த ஏன் மேடம் கேக்குற?” என்றாள் ரத்னா. “பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட, எம்பொண்ணுக்கு முட்டி வலி கீதுன்னு எந்தத் தாயாவது சொல்லுவாளா? ஒருவாட்டி சேத்துக்கட்டும். அப்பால சொல்லிக்கலாம்.”

“அப்புறம் தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க அக்கா. அதுகூடப் பரவாயில்ல. இந்த முட்டியோட ஒரு சீசன் ஓடினா, இவ திரும்ப ஆடவே முடியாது. மறைச்சா நான் கூட வர மாட்டேன். ஆனா முட்டி அவளோடது. சொல்றதா வேணாமான்னு அவதான் முடிவு பண்ணணும்.”

மறுநாள் மேனேஜர் தங்கியிருந்த ஓட்டல் அறையில் அன்புக்கரசி முட்டி வலியைச் சொல்லிவிட்டாள். சிகிச்சைக்கு கிளப்பே பொறுப்பேற்கட்டும், குணமான பிறகு ஆடட்டும் என்று சாய்மா எவ்வளவோ வாதாடினாள். மேனேஜர் மரியாதையாகக் கை கூப்பிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஓட்டல் வாசலிலேயே ரத்னா வெடித்தாள். “படிச்சவ, ஒரு வயி காட்டுவேன்னு உன்கைல வந்தோம். வாய்க்கு வந்த சோத்தத் தட்டி வுட்டியேமே.”

நீதிபதிகள் முன் தயங்காமல் பேசுகிறவள், அத்தனை ஏச்சையும் நின்று வாங்கிக்கொண்டாள். பதில் சொல்ல எவ்வளவோ இருந்தது. பெற்ற வயிறு எரியும்போது சட்டம் பேசக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். “அடையாறுல டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு நீங்களும் வாங்கக்கா” என்று மட்டும் சொன்னாள்.

ஸ்கேனில் லிகமென்ட் பாதி கிழிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஆடியிருந்தால் முழுசாகப் போயிருக்கும் என்றார் டாக்டர். ரத்னா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மாதக்கணக்கில் உடற்பயிற்சி. ஒப்பந்தமே இல்லாத அந்தப் பெண்ணுக்காக சாய்மா பிசியோவைப் பிடித்தாள், அவள் பயிற்சிக்கு மட்டம் போட்டபோதெல்லாம் போனில் காய்ச்சி எடுத்தாள். இப்படி ஒரு ஏஜென்ட் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இந்த வருடம் கொச்சியிலிருந்து வேறொரு கிளப் வந்தது, கூடவே அவர்கள் மருத்துவரும். பழைய காயம் ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார். அன்புக்கரசி வாய் திறப்பதற்குள் ரத்னா ஸ்கேன் உறையை மேசைமேல் வைத்தாள்.

“எடது முட்டி சார். பாதி கிழிஞ்சி, இப்ப சரியாப் பூடுச்சி. நல்லாப் பாத்துக்கினு அப்பால சேத்துக்கோ. பின்னாடி எங்கள ஒரு வார்த்த கேக்கக்கூடாது.”

மருத்துவர் முட்டியை மடக்கியும் நீட்டியும் பார்த்துவிட்டு, ஆடலாம் என்றார். அன்றைக்கு அந்த அறையில் சாய்மா வாதாட எதுவுமே மிச்சமில்லை.