உதடு சேராத சொல்

எழுபதுகளின் கடைசியில் நான் போடியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். என் வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. ஒரு சனிக்கிழமை அவரை ஜீப்பில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, வாயும் கோணிவிட்டது. மதுரையில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

மறுநாளே ஆரம்பித்தார். "ஆத்து... ஆத்து..." கடைசி எழுத்து வாய்க்குள்ளேயே போய்விடும். சொல்லிக்கொண்டே இடது கையால் கட்டிலைத் தட்டுவார். ஆத்தா என்று பெற்றவளைத் தேடுகிறார் என்றார்கள் எல்லோரும். எனக்கும் அப்படித்தான் பட்டது. தேவாரம் ஊரிலிருந்து அவர் அம்மாவை, என் அத்தையை வரவழைத்தோம். அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இந்தா ஆத்தா வந்துட்டேன்யா" என்று மகன் கையைப் பிடித்தார். இவரோ கையை உருவிக்கொண்டு மறுபடியும் கட்டிலைத் தட்டினார். கேட்டால் தலை சரியும். ஆமாமா, இல்லையா, தெரியாது. கண்ணில் நீர் வழியும். பாசம் என்று நினைத்தோம். இப்படி ஐந்து நாள்.

ஆறாம் நாள் மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை. எதிரே உட்கார்ந்து அவர் முகவாயைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். கா சொன்னார். தா வந்தது, நா வந்தது. பா என்றேன், ஆ என்றார். மா என்றேன், அதற்கும் ஆ. காவுக்கு அடித்தொண்டை போதும், தாவுக்கு நாக்கு போய்ப் பல்லைத் தொட்டால் போதும். பாவுக்கும் மாவுக்கும் இரண்டு உதடும் சேர வேண்டும். அவருக்கு உதடு சேரவில்லை. பால் குடிக்கிற பிள்ளைக்கும் முதலில் வருகிற எழுத்துகள் அவை. வகுப்பில் அவற்றை எப்படிச் சொல்வது என்று நான் யாருக்கும் காட்டியதே இல்லை.

இரண்டு விரலால் அவர் உதட்டைச் சேர்த்துப் பிடித்து, "இப்பச் சொல்லுங்க" என்று விட்டேன்.

"மாத்து."

அசைத்தால் ஆபத்து என்று பயந்து அதுவரை முன்பக்கம் மட்டுமே துடைத்துவிட்டிருந்தோம். அவரைப் புரட்டினோம். விரிப்பு நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து புண். விரிப்பை மாத்து, என்னைத் திருப்பிப் போடு என்று ஐந்து நாளாகக் கெஞ்சியிருக்கிறார். நாங்கள் அவர் அம்மாவைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம்.

அத்தை மெதுவாகக் கேட்டார்: "அப்ப என்னையக் கூப்பிடலையா தாயி?"

"ரெண்டும்தான் அத்தை சொன்னாரு" என்றேன்.

புண் ஆறவில்லை. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போட்டேன், மருந்து வைத்துக் கட்டினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டைப் பிடித்துவிட்டேன். 'போதும்' என்பதற்கு இரண்டு தடவை பிடிக்க வேண்டும், முதலிலும் முடிவிலும். அந்தச் சொல்தான் அதிகம் வந்தது. பிறகு காய்ச்சல் கண்டது. நாக்கும் தடித்துத் தா போயிற்று, நா போயிற்று, கடைசியில் காவும் போயிற்று. விரல் வைத்தும் பிரயோசனமில்லை. வாய் திறந்தால் வருகிற ஆவும் ஓவும்தான் மிச்சம்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். தண்ணியா, வலிக்குதா, திருப்பணுமா என்று தெரிந்ததையெல்லாம் கேட்டேன். எதற்கும் கண் அசையவில்லை. மறுபடியும் அதையே சொன்னார். உதட்டைப் பிடித்துப் பார்த்தேன், தாடையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பதினொரு மணிக்கு மூச்சு நின்றது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.